கால்பந்து சீசனை ஒர்க் ஷீட்டில் போட்டுப் பார்ப்போம்

என் பெரியப்பா தாம்பரத்தை அடுத்த சேலையூரில் இருக்கிறார். ஓய்வு பெற்றவர். சென்ற பொங்கலுக்கு முன்பு வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். வாங்கிய இரண்டாவது வாரமே எனக்கு போன் வந்தது. “ஏண்டா, பேப்பர் படிச்சாச்சு, பாட்டு கேட்டாச்சு, சீட்டும் விளையாடியாச்சு. இதுக்கு மேல இதுல என்ன இருக்கு?”

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலருக்கும் வரும் கேள்விதான் இது. வீட்டு வரவு செலவுக் கணக்கு எழுதலாமே என்றேன். “அதுக்கு உன் பெரியம்மா இருக்கா” என்று முடித்துவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை நேரில் போனேன். அலமாரியிலிருந்து ஒரு நீல நிற டைரியை எடுத்து மேஜை மேல் வைத்தார். அதைப் பார்த்ததும் என்ன சொல்லித் தரவேண்டும் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

அது சென்னையின் எப்.சி. டைரி. 2019-20 இந்தியன் சூப்பர் லீக் சீசனில் நம் அணி ஆடிய ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பெரியப்பா அரைப் பக்கம் எழுதி வைத்திருந்தார். சென்னை ஆட்டங்களுக்கு நானும் அவரும் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, பெரியமேடு நேரு ஸ்டேடியத்துக்கு நடந்து போவோம். கொட்டு அடித்துப் பாடும் ‘பி ஸ்டாண்ட் புளூஸ்’, ‘சூப்பர்மச்சான்ஸ்’ ரசிகர்கள் பக்கம் நான் போக ஆசைப்படுவேன். அவர் சத்தம் குறைவான இடமாகப் பார்த்து உட்காருவார். திரும்பும் ரயிலில் மாம்பலம் வருவதற்குள் எங்களுக்குள் சண்டை தொடங்கிவிடும். வெளியூர் ஆட்டங்களை அவர் டிவியில் பார்த்து எழுதினார்.

அந்த சீசனைப் பற்றி எங்களுக்குள் தீராத வழக்கு ஒன்று உண்டு. பயிற்சியாளர் ஜான் கிரெகரி 2017-18 சீசனில் நமக்குக் கோப்பை வாங்கித் தந்தவர். ஆனால் 2018-19ல் 18 ஆட்டங்களில் 2 வெற்றி மட்டும் பெற்று, 9 பாயிண்டுடன் கடைசி இடத்துக்குப் போனோம். 2019-20ல் 6 ஆட்டங்கள் முடிந்ததும், நவம்பர் 2019 இறுதியில், அவர் விலகினார். டிசம்பரில் ஓவன் காயில் வந்தார். பிறகு அணி மேலே ஏறி நான்காம் இடம் பிடித்து, இறுதி ஆட்டம் வரை போனது.

“காயில் வந்த நாளிலிருந்தே எல்லாம் மாறிவிட்டது” என்பது என் கட்சி. “கிரெகரிக்குக் கஷ்டமான ஆட்டங்கள் முதலில் வந்துவிட்டன. அவரே இருந்திருந்தாலும் ஏறியிருப்போம்” என்பது பெரியப்பாவின் கட்சி. இத்தனை வருடமாக இருவரும் ஞாபகத்தை வைத்துக்கொண்டுதான் பேசினோம். எண்களைப் போட்டுப் பார்க்கவில்லை. அதைத்தான் இந்தக் கட்டுரையில் செய்யப்போகிறோம். நீங்களும் உங்கள் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு கூடவே வாருங்கள்.

எந்த புரோகிராம்?

மைக்ரோசாப்ட் எக்ஸெல் இருந்தால் அதையே பயன்படுத்தலாம். இல்லையென்றால் லிப்ரே ஆபீஸ் தொகுப்பை இலவசமாக இறக்கி நிறுவிக்கொள்ளுங்கள். அதில் கால்க் என்ற புரோகிராம் இருக்கிறது. பெரியப்பா வீட்டில் நான் போட்டது இதைத்தான். கீழே சொல்லும் வேலைகள் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான்.

திறந்ததும் கட்டம் கட்டமாக ஒரு பக்கம் வரும். இதுதான் ஒர்க் ஷீட். ஒவ்வொரு கட்டமும் ஒரு செல். மேலே ஏ, பி, சி என்று ஆங்கில எழுத்துகள் இருப்பவை நெட்டு வரிசைகள். இடது பக்கம் 1, 2, 3 என்று இருப்பவை படுக்கை வரிசைகள். முதல் படுக்கை வரிசையில் தலைப்புகளை டைப் செய்யுங்கள். ஏ-யில் எண், பி-யில் தேதி, சி-யில் எதிரணி, டி-யில் சொந்த ஊரா வெளியூரா, இ-யில் நாம் போட்ட கோல், எப்-பில் நாம் வாங்கிய கோல், ஜி-யில் பாயிண்ட், ஹெச்-சில் இதுவரை மொத்தம், ஐ-யில் மார்க், ஜே-யில் குறிப்பு.

ஸ்கோருக்கு ஏன் இரண்டு வரிசை என்று பெரியப்பா கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. எக்ஸெல் இருந்த என் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி, ஒரே செல்லில் 3-1 என்று டைப் செய்து என்டர் தட்டச் சொன்னேன். தட்டினார். செல்லில் ஜனவரி 3 என்று தேதி வந்து நின்றது! 3-4 என்று போட்டால் ஏப்ரல் 3. நடுவில் கோடு போட்ட இரண்டு எண்களைப் பார்த்தால் அது தேதி என்று எக்ஸெல் தானாகவே முடிவு செய்துவிடுகிறது. 0-0 மட்டும் அப்படியே நிற்கும், ஏனென்றால் அப்படி ஒரு தேதி கிடையாது. ஒரு செல்லில் ஒரு விஷயம் மட்டும் என்று வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை வராது. பின்னால் கூட்டவும் கழிக்கவும் முடியும்.

தேதி வரிசையில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. உங்கள் கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில் அமைக்கப்பட்டிருந்தால், மாதத்தை முதலில் வைத்துப் படிக்கும். நீங்கள் 10-11-2019 என்று நவம்பர் 10-ஐ டைப் செய்தால் அது அக்டோபர் 11 என்று எடுத்துக்கொள்ளும். 23-10-2019 என்று போட்டால், 23-வது மாதம் ஒன்று இல்லாததால் அதை வெறும் எழுத்தாக விட்டுவிடும். கண்டுபிடிப்பது சுலபம். தேதி என்று புரிந்துகொண்டால் செல்லின் வலது ஓரத்தில் நிற்கும், புரியாவிட்டால் இடது ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். விண்டோஸ் செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ், பிறகு ரீஜன் சென்று, இங்கிலீஷ் (இந்தியா) என்று மாற்றிவிட்டால் தீர்ந்தது.

இனி டைரியிலிருந்து ஆட்டங்கள். பயிற்சிக்காக 18-ஐயும் தருகிறேன். முதலில் நாம் போட்ட கோல், அடுத்தது வாங்கியது.

1. 23-10-2019, கோவா, வெளியூர், 0, 3
2. 27-10-2019, மும்பை, சொந்த ஊர், 0, 0
3. 30-10-2019, ஏ.டி.கே., சொந்த ஊர், 0, 1
4. 10-11-2019, பெங்களூரு, வெளியூர், 0, 3
5. 25-11-2019, ஹைதராபாத், சொந்த ஊர், 2, 1
6. 28-11-2019, ஒடிசா, சொந்த ஊர், 2, 2
7. 9-12-2019, ஜாம்ஷெட்பூர், வெளியூர், 1, 1
8. 20-12-2019, கேரளா, சொந்த ஊர், 3, 1
9. 26-12-2019, கோவா, சொந்த ஊர், 3, 4
10. 6-1-2020, ஒடிசா, வெளியூர், 0, 2
11. 10-1-2020, ஹைதராபாத், வெளியூர், 3, 1
12. 16-1-2020, நார்த்ஈஸ்ட், சொந்த ஊர், 2, 0
13. 23-1-2020, ஜாம்ஷெட்பூர், சொந்த ஊர், 4, 1
14. 1-2-2020, கேரளா, வெளியூர், 6, 3
15. 9-2-2020, பெங்களூரு, சொந்த ஊர், 0, 0
16. 16-2-2020, ஏ.டி.கே., வெளியூர், 3, 1
17. 21-2-2020, மும்பை, வெளியூர், 1, 0
18. 25-2-2020, நார்த்ஈஸ்ட், வெளியூர், 2, 2

அரை இறுதி, இறுதி ஆட்டங்களுக்குப் பாயிண்ட் கிடையாது என்பதால் அவற்றை இதில் சேர்க்கவில்லை. வேண்டுமானால் தனி ஷீட்டில் எழுதிக்கொள்ளலாம்.

அணியின் பெயரை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி டைப் செய்யுங்கள். ஓர் இடத்தில் கேரளா, இன்னோர் இடத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ் என்று இருந்தால் கம்ப்யூட்டருக்கு அவை இரண்டு அணிகள். பெயருக்குப் பின்னால் தெரியாமல் ஒரு ஸ்பேஸ் தட்டிவிட்டாலும் அதே கதைதான்.

கூட்டிச் சரிபாருங்கள்

டைப் செய்து முடித்ததும் எங்களுக்கு ஆர்வம் தாங்கவில்லை. ஆனால் ஆராய்ச்சிக்குப் போகும் முன் ஒரு வேலை. இ வரிசையில் உள்ள எண்களை மவுஸால் இழுத்துத் தேர்வு செய்யுங்கள். விண்டோவின் கீழ் ஓரத்தில் உள்ள பட்டையைப் பாருங்கள். சம் என்று கூட்டுத்தொகையும் ஆவரேஜ் என்று சராசரியும் அங்கே தெரியும். எந்தப் பார்முலாவும் வேண்டாம். புதியவர்கள் பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

எங்களுக்கு 31 வந்தது. அந்த சீசனின் இறுதிப் பட்டியலில் சென்னை அடித்தது 32, வாங்கியது 26. ஒரு கோலைக் காணோம். தேடினால் கொச்சி ஆட்டம். பெரியப்பாவின் கையெழுத்தில் 6 என்பது 5 மாதிரி இருந்திருக்கிறது. கிரிவெல்லாரோ, வால்ஸ்கிஸ், சாங்டே மூவரும் ஆளுக்கு இரண்டு அடித்த ஆட்டம் அது. எதிரணியில் ஓக்பெச்சே மூன்று அடித்தும் கேரளாவால் கிட்டே வர முடியவில்லை. அந்த ஆட்டத்திலேயே ஒரு கோலைத் தொலைத்திருந்தோம்! வெளியே உறுதியாகத் தெரிந்த ஒரு மொத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்ததால் தப்பு அகப்பட்டது. வங்கிக் கணக்காக இருந்தாலும் பால் கணக்காக இருந்தாலும் இதே முறைதான்.

பாயிண்டைக் கம்ப்யூட்டரே போடட்டும்

வெற்றிக்கு 3, டிராவுக்கு 1, தோல்விக்கு 0. இதை நாமே டைப் செய்யலாம். ஆனால் கோல் எண்ணிக்கையைத் திருத்தும்போது பாயிண்டைத் திருத்த மறந்துவிடுவோம். ஆகவே ஜி2 செல்லில் கர்சரை வைத்து இப்படி டைப் செய்யுங்கள். இங்கே ஒலிப்படி தமிழில் அச்சாகியிருக்கும் எழுத்துகளை நீங்கள் ஆங்கிலத்தில் டைப் செய்யவேண்டும்.

=ஐஎப்(இ2>எப்2,3,ஐஎப்(இ2=எப்2,1,0))

நாம் போட்டது அதிகமென்றால் 3 கொடு, இல்லையென்றால் இரண்டும் சமமா என்று பார், சமமென்றால் 1, அதுவும் இல்லையென்றால் 0. இவ்வளவுதான் இதன் பொருள். என்டர் தட்டியதும் முதல் ஆட்டத்துக்கு 0 வரும். இப்போது அந்த செல்லின் வலது கீழ் மூலையில் ஒரு சிறிய சதுரம் தெரியும். அதை மவுஸால் பிடித்துப் பதினெட்டாவது ஆட்டம் வரை கீழே இழுங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் 2 என்பது 3, 4, 5 என்று தானே மாறிக்கொண்டு போகும். பெரியப்பா இதை மூன்று முறை செய்து பார்த்தார், வேண்டியதற்காக இல்லை, வேடிக்கைக்காக.

ஓர் எச்சரிக்கை. இன்னும் ஆடாத ஆட்டங்களின் வரிசைகளுக்கும் இழுத்துவிடாதீர்கள். அங்கே இரண்டு செல்லும் காலி. காலியும் காலியும் சமம் என்று சொல்லி ஒவ்வொன்றுக்கும் 1 பாயிண்ட் கொடுத்துவிடும். ஆடாமலேயே பாயிண்ட் வாங்கும் அணி உலகத்தில் எங்கும் இல்லை.

ஹெச்2-வில் =ஜி2 என்றும், ஹெச்3-ல் =ஹெச்2+ஜி3 என்றும் டைப் செய்து, ஹெச்3-ஐ மட்டும் கீழே இழுங்கள். கடைசி செல்லில் 29 வந்தால் நீங்கள் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

இப்போது ஹெச் வரிசையைத் தேர்வு செய்து, இன்சர்ட் மெனுவில் சார்ட் சென்று, லைன் வகையைத் தேர்ந்தெடுங்கள். சீசன் முழுவதும் ஒரு கோடாக வந்து நிற்கும். முதல் நான்கு ஆட்டங்களில் தரையோடு தரையாகக் கிடக்கிறது. ஐந்தாவதில் எழுந்து, மெல்ல ஏறி, எட்டாவது ஆட்டத்தில் 9-ஐத் தொடுகிறது. அங்கே மறுபடி படுத்துவிடுகிறது. பத்தாவது ஆட்டம் முடிந்தும் 9-தான். அதன் பிறகுதான் மாடிப்படி போல ஏறுகிறது.

படத்தைப் பார்த்ததும் எனக்கு முதல் அடி. காயில் வந்தது ஏழாவது ஆட்டத்துக்கு. கோடு நிமிர்வது பதினோராவது ஆட்டத்தில். அவர் வந்தவுடன் எல்லாம் மாறியது என்று இத்தனை காலம் நான் சொன்னது தவறு. “பாருடா, நாலு ஆட்டம், நாலு பாயிண்ட்” என்றார் பெரியப்பா. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

மூன்று துண்டுகள்

சீசனைக் கோடு காட்டிய இடங்களில் வெட்டினோம். கிரெகரியின் 6 ஆட்டங்கள், காயிலின் முதல் 4, கடைசி 8. ஒவ்வொரு துண்டையும் மவுஸால் தேர்வு செய்து கீழ்ப் பட்டையில் சராசரியைப் படித்தோம். மொத்தத்தைப் பார்க்கக் கூடாது, துண்டுகளின் நீளம் வேறு வேறு.

பாயிண்ட் சராசரி 0.83, அடுத்து 1, அடுத்து 2.5. நாம் போட்ட கோல் 0.67, அடுத்து 1.75, கடைசியில் 2.63. வாங்கிய கோல் 1.67, அடுத்து 2, கடைசியில் 1.

இதில் சுவையானது நடுத்துண்டு. பாயிண்ட் ஏறவில்லை, ஆனால் கோல் போடுவது அப்போதே இரண்டரை மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. கூடவே கோல் வாங்குவதும் அதிகமானது. கோவாவுடன் 3-4 என்று தோற்ற இரவு இதற்கு நல்ல உதாரணம். முதல் பாதியில் 3 கோல் பின்தங்கி, பிறகு 3 போட்டும் தோற்றோம். அணி தாக்கி ஆட முதலில் கற்றுக்கொண்டது, தடுத்து ஆடுவது பிறகுதான் வந்தது என்று இந்த எண்களை நான் படிக்கிறேன்.

எண்களை அவசரமாகப் படித்து ஏமாந்தவர்கள் பெரிய இடங்களிலும் உண்டு. இங்கிலாந்தில் சார்லஸ் ரீப் என்ற விமானப்படைக் கணக்கர் 1950-ல் ஸ்விண்டன் அணியின் ஆட்டத்தில் பென்சிலும் நோட்டுமாக ஒவ்வொரு பாஸையும் குறிக்கத் தொடங்கினார். பிறகு பல வருடங்கள் குறித்தார். பெரும்பாலான கோல்கள் மூன்று அல்லது அதற்கும் குறைவான பாஸ்களில் வருகின்றன என்று கண்டார். ஆகவே பந்தை நீளமாகத் தூக்கி அடிப்பதே நல்லது என்றார். அவர் கவனிக்காதது ஒன்று. கால்பந்தில் பெரும்பாலான நகர்வுகளே மூன்று பாஸுக்குள் முடிந்துவிடுகின்றன. அப்படியானால் கோல்களும் அங்கேதானே அதிகம் இருக்கும்? எத்தனை முயற்சிக்கு எத்தனை கோல் என்று வகுத்துப் பார்த்திருக்கவேண்டும்.

பில்டர் காட்டியது

தலைப்பு வரிசையில் கர்சரை வைத்து டேட்டா மெனுவில் பில்டர் கட்டளையைக் கிளிக் செய்யுங்கள். கால்க்கில் இதன் பெயர் ஆட்டோ பில்டர். ஒவ்வொரு தலைப்பிலும் ஒரு சிறிய அம்புக்குறி வரும். டி வரிசை அம்பைக் கிளிக் செய்து சொந்த ஊர் மட்டும் டிக் செய்தால் மற்றவை மறைந்துவிடும். அழியாது, மறையும். பயப்பட வேண்டாம்.

எனக்கு இரண்டாவது அடி இங்கே. நேரு ஸ்டேடியத்தில் நாங்கள் தொண்டை கிழியக் கத்தியதால்தான் அணி கரையேறியது என்று உள்ளூர ஒரு பெருமை இருந்தது. சென்னையில் 9 ஆட்டங்கள், 15 பாயிண்ட், 16 கோல். வெளியூரில் 9 ஆட்டங்கள், 14 பாயிண்ட், அதே 16 கோல். வாங்கியதில்தான் வித்தியாசம், இங்கே 10, அங்கே 16. எங்கள் சத்தம் கோல் போட உதவவில்லை. தடுக்க உதவியதோ என்னவோ!

மார்க் வரிசையையும் இதே முறையில் பார்க்கலாம். பெரியப்பா ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பத்துக்கு இவ்வளவு என்று அன்றிரவே போட்டிருந்தார். அந்த 3-4 தோல்விக்கு 8. ஹைதராபாத்தை 2-1 என்று வென்றதற்கு 5 மட்டும். அந்த ஆட்டத்தில் மூன்று கோல்களும் 90 நிமிடத்துக்குப் பிறகான கூடுதல் நேரத்தில் விழுந்தவை. “கடைசி அஞ்சு நிமிஷம் தவிர ஒண்ணுமில்லை” என்று குறிப்பு. அந்த சீசனின் முதல் கோலைப் பார்த்த மகிழ்ச்சியில் ஸ்டேடியமே குதித்துக்கொண்டிருந்த இரவு அது. அன்று எழுதாமல் ஒரு மாதம் கழித்து எழுதியிருந்தால் அவரே 9 போட்டிருப்பார். குறிப்பும் மார்க்கும் தூங்கப் போவதற்கு முன் எழுதவேண்டும், ஹைலைட்ஸ் பார்ப்பதற்கு முன்.

குறிப்புகளைத் தமிழிலேயே டைப் செய்யலாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தமிழ் பொனெடிக் கீபோர்டு உள்ளேயே இருக்கிறது, சேர்த்துக்கொண்டால் போதும். கன்ட்ரோலையும் எப் கீயையும் சேர்த்து அழுத்தி ஒரு சொல்லைத் தேடலாம். ஆனால் ஒரு நாள் தடுப்பாட்டம், இன்னொரு நாள் டிபென்ஸ் என்று எழுதினால் தேடலில் பாதி விட்டுப்போகும்.

வரிசைப்படுத்துமுன் நகல்

நடந்த விபத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் காபி குடிக்கச் சமையலறைக்குப் போன நேரத்தில் பெரியப்பா சி வரிசையை மட்டும் தேர்வு செய்து, ஏ முதல் இசட் வரை படம் போட்ட சார்ட் பட்டனை அழுத்திவிட்டார். இது சித்திரம் வரையும் சார்ட் இல்லை, வரிசைப்படுத்தும் சார்ட். தேர்வை விரிவாக்கவா, இருப்பதை மட்டும் வரிசைப்படுத்தவா என்று ஒரு டயலாக் பாக்ஸ் கேட்டிருக்கிறது. இருப்பது போதும் என்று சொல்லியிருக்கிறார். அணிகளின் பெயர்கள் மட்டும் இடம் மாறின, கோல்கள் அங்கேயே நின்றன. கொச்சியில் போட்ட 6 கோல் வேறு யார் மேலோ விழுந்துவிட்டது. அதன் பிறகு பைலை சேவ் செய்து மூடியும்விட்டார். மூடாமல் இருந்திருந்தால் கன்ட்ரோலுடன் இசட் அழுத்தித் திரும்பியிருக்கலாம். மூடியபின் வழியில்லை. டைரி இருந்ததால் மறுபடி டைப் செய்தோம்.

நீங்கள் செய்யவேண்டியது இதுதான். ஷீட்டின் அடியில் உள்ள பெயர்ப் பட்டியில் ரைட் கிளிக் செய்து, மூவ் ஆர் காப்பி கட்டளை மூலம் ஒரு நகல் எடுங்கள். நகலில் மட்டும் வரிசைப்படுத்துங்கள். டயலாக் பாக்ஸ் கேட்டால் விரிவாக்கு என்ற பதிலைத் தேர்ந்தெடுங்கள். நகலில் ஹெச் வரிசை மொத்தம் குழம்பிப்போகும், ஏனென்றால் அது மேலே உள்ள வரிசையை நம்பி நிற்கிறது. அதைக் கண்டுகொள்ள வேண்டாம். பைலின் ஒரு பிரதி பென் டிரைவிலும் இருக்கட்டும்.

நகலை எதிரணி வாரியாக வரிசைப்படுத்தியதும், ஒவ்வோர் அணியோடும் ஆடிய இரண்டு ஆட்டங்கள் அடுத்தடுத்து வந்து நின்றன. எங்கள் வழக்குக்கு வேண்டிய சாட்சி இதுதான்.

முதலில் பெரியப்பாவுக்கு நியாயம். கிரெகரியின் ஆறு எதிரணிகள் கோவா, மும்பை, ஏ.டி.கே., பெங்களூரு, ஹைதராபாத், ஒடிசா. சீசன் முடிவில் கோவா முதலிடம், ஏ.டி.கே. இரண்டு, பெங்களூரு மூன்று, மும்பை ஐந்து, ஒடிசா ஆறு. ஹைதராபாத் மட்டும் கடைசி. ஆக நம்மைத் தவிர முதல் ஆறு இடங்களில் இருந்த ஐந்து அணிகளையும் முதல் ஆறு ஆட்டங்களிலேயே சந்தித்திருக்கிறோம். கஷ்டமான ஆட்டங்கள் முதலில் வந்தன என்று அவர் சொன்னது முழு உண்மை. கடைசி எட்டில் நார்த்ஈஸ்டோடு மட்டும் இரண்டு முறை ஆடினோம். அது ஒன்பதாம் இடத்து அணி.

அப்படியானால் 0.83-ஐயும் 2.5-ஐயும் பக்கத்தில் வைப்பது நியாயமில்லை. அதே ஆறு அணிகளோடு இரண்டாம் முறை என்ன ஆனது என்று மட்டும் பார்க்கவேண்டும். பார்த்தோம். முதல் முறை, கிரெகரியின் கீழ், 5 பாயிண்ட், போட்டது 4, வாங்கியது 10. இரண்டாம் முறை, காயிலின் கீழ், 10 பாயிண்ட், போட்டது 10, வாங்கியது 8. கோவாவிடமும் ஒடிசாவிடமும் இப்போதும் தோற்றிருக்கிறோம். பெங்களூருவோடு டிரா. ஏ.டி.கே., மும்பை, ஹைதராபாத் மூவரையும் வென்றிருக்கிறோம்.

பெரியப்பா சற்று நேரம் ஸ்கிரீனையே பார்த்தார். “ரெண்டாம் முறை நம்ம ஊர்ல ஆடியிருப்பாங்க” என்றார். டி வரிசையைக் காட்டினேன். முதல் முறைதான் நான்கு ஆட்டங்கள் சென்னையில். இரண்டாம் முறை நான்கு ஆட்டங்கள் வெளியூரில்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஆறு ஆட்டம் என்பது சின்னக் கணக்கு, அதை வைத்து ஒரு மனிதரை எடைபோட முடியாது என்றார். அதுவும் சரிதான் என்று ஒப்புக்கொண்டேன். ஆறு என்பது உண்மையிலேயே சிறிய எண். ஒரு பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போயிருந்தால் ஒரு தோல்வி டிரா ஆகியிருக்கும். ஆனால் நான் நினைத்த அளவு பெரிய மாற்றமும் இல்லை, அவர் நினைத்தது போல எல்லாம் அட்டவணையின் வேலையும் இல்லை. பாயிண்ட் இரண்டு மடங்கு, கோல் இரண்டரை மடங்கு என்ற அளவில் இருவரும் நின்றோம். இறுதி ஆட்டம் மார்ச் 14, 2020 அன்று கோவாவில் ரசிகர்கள் இல்லாமல் காலி ஸ்டேடியத்தில் நடந்ததையும், ஏ.டி.கே.யிடம் 3-1 என்று தோற்றதையும் டைரியின் கடைசிப் பக்கத்தில் இரண்டே வரியில் எழுதியிருக்கிறார். அந்த ஆட்டத்துக்கு மார்க் போடவில்லை.

போன வாரம் மறுபடி போன். கிரெகரி கோப்பை வாங்கித் தந்த 2017-18 சீசனுக்கும் ஒரு டைரி எழுதியிருக்கிறாராம், பரணில் எங்கோ இருக்கிறதாம். ஏணி பிடிக்க ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லியிருக்கிறார்.